சித்தம் தெரியாமல் நிற்கும் பெப்பர்மின்ட்

ஸ்டாப்ஹார்ஸ்ட்,
வியாழக்கிழமை மாலை

கர்த்தருக்குள் பிரியமான தங்கை மகன் யோரிட்டுக்கு, நேல்ச்சா பெரியம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம்; பெரியப்பாவின் முழங்காலும் உன் கருவியும் மட்டும் சுகமில்லை.

நீ திங்கட்கிழமை கடையில் பொருத்திவிட்டுப் போன, சரக்கின் நலம் பார்க்கும் கருவியைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், இது சிரிக்கிற காரியமில்லை. சனிக்கிழமை கடை அடைப்பதற்குள் பெப்பர்மின்ட் வந்து சேராவிட்டால் கருவியைப் பிடுங்கி உனக்கே அனுப்பிவிடுவேன் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். உன் முதல் கருவி, அதுவும் சொந்தக்காரர் கடை. இங்கேயே தேறாவிட்டால் அப்புறம் யார் வாங்குவார்கள்?

பாதிக் குற்றம் உன்னுடையது. "பெரியம்மா, கம்ப்யூட்டர்ல கடை வேலை பாக்குற ஏஜென்டுக்குத் தானா எதுவும் தெரியாது. கருவியை எப்படிப் பயன்படுத்தணும்னு எழுதி வச்சா, அதைப் படிச்சு அப்படியே செய்யும். கடைக்குப் புதுசா வந்த பொண்ணுக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க" என்றாய். நான் அதிகம் படித்தவள் இல்லை, ஆனால் என் வீட்டுக் கணக்கில் ஒரு முட்டை பிசகியது கிடையாது, அந்தத் தைரியத்தில் எழுதினேன்: எது தீரப்போகிறது, எது கெடப்போகிறது, எது நகராமல் கிடக்கிறது என்று கருவி சொல்லும், தீரப்போவதை வரவழை, கிடப்பதைப் பாதி விலைக்கு விடு. இத்தனையும் எழுதினவள், பெப்பர்மின்டை நம் ஊரில் சனிக்கிழமைக்கு முன் யாரும் தொடமாட்டார்கள் என்பதை எழுதவில்லை; ஞாயிறு பிரசங்கம் முடியும்வரை வாயில் போட்டுச் சப்பப் பெப்பர்மின்ட் வேண்டும் என்பதை எந்த ஊரிலாவது எழுதி வைப்பார்களா? இரண்டு நாளாக ஒரு மிட்டாய்ச் சுருள்கூட நகரவில்லையே, இது செத்த சரக்கு என்று தீர்ப்பெழுதிய உன் ஏஜென்ட், புதன் காலையில் பாதி விலை என்று ஊரறிய அறிவித்துவிட்டது. பக்கத்து ஊர்ச் சபைக்காரர்கள் வந்து பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே பிரசங்கம் நம்முடையதைவிட நீளம், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

போனது போகட்டும், மறுபடி வரவழைக்கட்டும் என்று பார்த்தால் அங்கேதான் என் பாதிக் குற்றம். "தீரப்போவதை, தேவனுக்குச் சித்தமானால், மறுநாள் வரும்படி வரவழை" என்று எழுதியிருந்தேன். நாளைய காரியத்தை அது இல்லாமல் எப்படியப்பா எழுதுவது? பல் டாக்டரிடம் நேரம் குறித்தாலும் போடுகிறோம். உன் ஏஜென்ட் அதை நிபந்தனை என்று எடுத்துக்கொண்டு, "ஆர்டர் தயார். தேவனுக்குச் சித்தமா? ஆம், இல்லை" என்று இரண்டு பொத்தானைக் காட்டிக்கொண்டு நேற்று மதியத்திலிருந்து நிற்கிறது.

"நேல்ச்சா, என்னை யாருன்னு நெனச்சு இது கேக்குது?" என்றார் பெரியப்பா.

"ஆம்னு அமுத்துங்களேன்."

"அவர் சித்தம் எனக்கெப்படித் தெரியும்? எழுதினவ நீதானே, நீ அமுத்து."

"சபையிலயே நான் வாயத் திறக்கிறதில்ல. இதுக்குப் போய்த் திறக்கவா?"

சபை மூப்பர் லூபர்ட்டைக் காபிக்குக் கூப்பிட்டோம். நெடுநேரம் திரையைப் பார்த்தார், காபிக்கு ஒன்றுக்கு மேல் தொடாதவர், கேட்காமலே இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தார், விஷயம் பெரிது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. "ஹார்மன், ஆம்னு அமுத்தினா அகந்தை. இல்லன்னு அமுத்தினா அவிசுவாசம். பேசாம அணைச்சிடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி, "ஆனா ஞாயித்துக்கிழமைக்கு எனக்கு ரெண்டு சுருள் எடுத்து வை" என்றார்.

ஆகவே மகனே, நாளைக்கே கிளம்பி வந்து அந்த வார்த்தையை அடித்துவிடு. எனக்குக் கை வரவில்லை. உன் மனச்சாட்சி நகரத்தில் பழகியது, தாங்கும். இல்லையென்றால் கருவியைக் கழற்றிக்கொண்டு போ. கருவிக்கு விளக்கம் எழுதும் வேலையை நான் இத்தோடு விட்டேன்.

உன் சைக்கிளையும் உன்னையும் ஈரச் சாலையில் கர்த்தர் வழுக்காமல் நடத்துவாராக. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா நேல்ச்சா

பின்குறிப்பு, சனிக்கிழமை காலை: இதை அனுப்ப முடியாதபடி பெரியப்பா நேற்று காலையிலிருந்து கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவே இல்லை. காலை ஜெபம் முடித்து உட்கார்ந்தவர், இரண்டு பொத்தானையும் தொடாமல், கீழே இருந்த கட்டத்தில் ஒற்றை விரலால் தட்டினார்: "அவர் சித்தம் எனக்குத் தெரியாது. எனக்குப் பெப்பர்மின்ட் வேண்டும்." உடனே பதில் வந்தது: "புரிந்தது. ஆர்டரை அனுப்புகிறேன். வந்து சேரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது." சற்றுமுன் லாரி வந்து இறக்கிவிட்டுப் போனது. "இத்தனை வருஷமா சரக்கு போடுறவன் அத்தனை பேரும் நாளைக்கு வந்துடும்னு சத்தியம் பண்ணினான். உறுதி சொல்ல முடியாதுன்னு ஒத்துக்கிட்டது இவன் ஒருத்தன்தான். இவன் நம்ம ஆளு!" என்கிறார். அவர் தம்பி கடைக்கும் இதே கருவி வேண்டுமாம், என் எழுத்தில் ஒரு சொல் மாறாமல். அதனால் எதையும் அடிக்காதே. மேலே எழுதியதைப் படிக்கவும் வேண்டாம்.