கோட்டைத் தலைவனை வெல்லக் கால நீட்டிப்பு கோரி

சிவமயம்

பாளையங்கோட்டை,
20-10-1999.

அன்புத் தங்கை விஜயஸ்ரீக்கு அண்ணன் சிவசங்கரன் எழுதுவது. இவ்விடம் எல்லாம் சுகம் என்று தொடங்குவது முறை. முறையோடு கொஞ்சம் உண்மையையும் சேர்க்க வேண்டியிருக்கிறது: என் இடது கைக் கட்டைவிரல் தவிர மற்ற எல்லாம் சுகம். அவ்விடம் நீ, மாப்பிள்ளை, குழந்தை ஸ்னேகா மூவரின் சுகத்துக்கும் நெல்லையப்பரிடம் தினமும் விண்ணப்பம் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் அலுவலகத்தைப் போல அவரிடம் கோப்புகள் தேங்குவதில்லை என்று நம்புகிறேன்.

கார்த்திகையில் அமெரிக்கா வரும் எதிர்வீட்டு சுந்தர்ராமனிடம், ஸ்னேகா இங்கே விட்டுச்சென்ற விளையாட்டுப் பெட்டியைக் கொடுத்தனுப்பும்படி எழுதியிருந்தாய். அது முடியாது. முப்பத்து நான்கு வருஷ உத்தியோகத்தில் 'முடியாது' என்று நான் கைப்பட எழுதும் முதல் வாக்கியம் இது. ஆகவே காரணங்கள் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்.

நீ அதைப் பொம்மை என்று எழுதியிருக்கிறாய். விவரம் தெரியாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். உள்ளங்கை அகலச் சாம்பல்நிறப் பெட்டிதான் என்றாலும் அதற்குள் ஒரு தேசமே இருக்கிறது. தேசம் முழுக்கப் புல், புல்லுக்குள் விதவிதமான பிராணிகள். அவற்றைப் பிடித்துப் பழக்கி, ஆறு பேர் கொண்ட ஒரு படை திரட்டி, ஐந்து கோட்டைகளை வெல்ல வேண்டும். உன் மகள் நான்கை வென்றுவிட்டாள். ஐந்தாம் கோட்டையில் கறுப்பு அங்கி போட்ட கிழவர் ஒருவர் இருக்கிறார். ஸ்னேகா அவரை பாஸ் என்கிறாள். அவரிடம் அவள் பதினொரு தடவை தோற்றிருக்கிறாள். ஆகஸ்டு மாதம் ஜங்ஷனில் உங்களை ரயிலேற்றிவிட்டபோது நீ பெட்டி படுக்கையை எண்ணிக்கொண்டிருந்தாய். அவள் ஜன்னல் கம்பி வழியாக இதை என் கையில் வைத்து, "மாமா, பாஸை நீங்க ஜெயிச்சுக் குடுங்க" என்றாள். ரயில் நகர்ந்துவிட்டது. இதைப் பொறுப்பு ஒப்படைப்பு என்பார்கள். ஏற்றுக்கொண்ட பொறுப்பைப் பாதியில் பார்சல் கட்டி அனுப்ப எந்த விதியிலும் இடமில்லை.

படையில் உள்ள ஆறு பேருக்கும் பெயர் வைத்தவன் நான். பாபநாசம் போயிருந்தபோது, "மாமா, சிக்ஸ் நேம்ஸ் வேணும்" என்று அணைக்கட்டின்மேல் நின்று கேட்டாள். அந்த இடத்தில் நின்று யோசித்தால் வேறென்ன தோன்றும்? தாமிரபரணியில் வந்து சேரும் ஆறுகளின் பெயரையே வைத்தேன்: பச்சையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா, ராமநதி, சிற்றாறு. இதில் ராமநதி வாயிலிருந்து நெருப்புக் கக்கும் நரி. ஆற்றின் பெயருக்கு அது பொருந்தவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பெயர் மாற்றம் வேண்டுமானால் அரசிதழில் வெளியிட வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பொறுப்பேற்ற முதல் வாரமே ஆறு பேருக்கும் தனித்தனியாகப் பணிப்பதிவேடு திறந்தேன். பிறகு சேர்ந்த தேதிப்படி முதுநிலைப் பட்டியல் தயாரித்தேன். பட்டியலில் முதலில் நிற்பது பச்சையாறு. இலை தின்னும் புழு. ஆகவே கோட்டைக்குள் போனதும் அவனைத்தான் முதலில் அனுப்பினேன். எதிரி ஒருமுறை மூச்சு விட்டார். பச்சையாறு விழுந்துவிட்டான். அடுத்து பட்டியல்படி சேர்வலாறு என்னும் ஆமை, அதற்கடுத்து கடனா என்னும் பறவை. கால்மணி நேரத்தில் நிர்வாகமே காலி. ஞாயிற்றுக்கிழமை போனில் உன் மகளுக்கு இதை அறிக்கையாகச் சமர்ப்பித்தேன்.

"மாமா, பச்சையாறை ஏன் ஃபர்ஸ்ட் அனுப்பினீங்க?"

"அவன்தானம்மா சீனியரு."

"மாமா, அவன் புழு!"

"புழுவா இருந்தா என்னம்மா, மொதல்ல சேந்தது அவன்தான?"

"மாமா, இது கவர்மென்ட் இல்ல" என்றாள். பத்து வயதுக் குழந்தைக்கு இவ்வளவு தெளிவு எங்கிருந்து வந்தது என்று அன்று முழுக்க வியந்துகொண்டிருந்தேன். நம் குடும்பத்தில் முன்னுதாரணம் இல்லை.

இந்தப் பட்டியலை அலுவலக மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனது என் தவறு. திரும்பி வந்தால் டைப்பிஸ்ட் அப்பாத்துரை அதைக் கையில் வைத்துக் கலங்கிப்போய் நிற்கிறார். "அண்ணாச்சி, இந்தப் பச்சையாறு எந்த செக்ஷன்? லெவல் ஏழுலயே கெடக்கானே, எத்தன வருசமா புரமோசன் இல்லாம இருக்கான்? சங்கத்துல சொல்லி ஒரு மனு போட்டுருவமா?" என்றார். வேண்டாம், அவன் ஒரு புழு என்றேன். அப்பாத்துரை முகம் சுண்டிப்போனது. "நீங்களா அண்ணாச்சி இப்பிடிப் பேசுதிய? கீழ வேல பாக்கவன்னா அம்புட்டு எளப்பமா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

படைக்குப் பயிற்சி வேண்டும் என்று ஸ்னேகா சொன்னாள். பயிற்சி என்றால் புல்லுக்குள் நடந்து, எதிர்ப்படும் சின்னப் பிராணிகளை அடிப்பது. எனக்கு அது ஒத்துவரவில்லை. தன்பாட்டுக்குப் புல்லில் இருக்கும் ஒரு குருவி நம்மை என்ன செய்தது? நான்கு பேரை அடித்திருப்பேன். மீதிப் பேரைக் கண்டதும் 'ஓடு' என்ற பொத்தானை அழுத்திவிட்டேன். சாகமாட்டார்கள், மயக்கம்தான் போடுவார்கள் என்று குழந்தை சமாதானம் சொன்னாள். ஒருவன் மயங்கி விழும்படி அடித்துவிட்டு, அவன் செத்தா போனான் என்று கேட்பது சைவர்கள் பேசும் பேச்சா? நீயே சொல்.

ஞாயிறு காலை போனில் நான் போடும் சத்தம் பற்றியும் எழுதியிருந்தாய். உண்மைதான். போன மாதம் நான் "ராமநதி போயிட்டான்மா, கடைசி மூச்சு வரைக்கும் எதுத்து நின்னான்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மாடிக் குடித்தனம் ஜமீலா பீவி படியிறங்கி ஓடிவந்துவிட்டார்கள். கையில் பிசைந்த மாவு அப்படியே இருக்கிறது. "யாருக்கு என்னாச்சு அண்ணாச்சி? எந்த ஊர்ல?" என்று அழாத குறை. நான் பெட்டியைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இந்த நரிக்கா? நல்லா இருக்கியளே! நான் பூரி மாவப் போட்டுட்டு ஓடியாந்தேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்கள். ஆனால் நல்ல மனசு. மறுநாள் தண்ணீர் பிடிக்க வந்தபோது, "ராமநதிக்கு இப்ப எப்பிடி இருக்கு?" என்று விசாரித்தார்கள். இன்றுவரை விசாரிக்கிறார்கள். தேறி வருகிறான் என்று சொல்லியிருக்கிறேன்.

கிழவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சண்டைக்கு முன்னால் நீளமாக ஒரு சொற்பொழிவு செய்கிறார். ஒரு பொத்தானை அழுத்தினால் அதைத் தாண்டிவிடலாமாம். பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரை நடுவில் நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு தடவையும் அகராதியை வைத்துக்கொண்டு முழுதும் வாசித்த பிறகே சண்டைக்குப் போகிறேன். கோட்டையை முற்றுகையிடுகிறவன் உழிஞைப் பூச் சூட வேண்டும் என்று நம் இலக்கணம் சொல்கிறது. அது எந்தச் செடி என்று தேடியதில், முடக்கத்தான்தான் என்று சிலர் கருதுவதாகத் தெரிந்தது. உன் மதினி என் மூட்டு வலிக்கு வாரம் இரண்டு நாள் அதைத்தான் தோசைமாவில் அரைத்து ஊற்றுகிறாள். ஆகவே சூடாமல், சாப்பிட்டுவிட்டுப் போனேன். முன்னோர்கள் இதையும் எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

பெட்டி நான்கு பென்டார்ச் செல் தின்கிறது. ஒருநாள் கிழவரிடம் ஐந்து பேரை வீழ்த்தி ஆறாவது ஆளான இடிப்பாம்பின் முன்னால் நிற்கும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியது. வீட்டில் மூன்று செல்தான் இருந்தது. நான்காவதற்குக் கூடத்துக் கடிகாரத்தில் கை வைத்தேன். அப்படியும் தோற்றேன். அது போகட்டும். கடிகாரம் நாலு பத்தில் நின்றது. மறுநாள் காலை அதைப் பார்த்து, நேரம் இன்னும் விடியவே இல்லையே என்று நிதானமாகப் பேப்பர் படித்து, நிதானமாகக் குளித்து, அலுவலகம் போனபோது மணி பதினொன்று இருபது. முப்பத்து நான்கு வருஷத்தில் முதல் தாமதம். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு. நானே போட்டுக்கொண்டேன். அந்தப் பதிவேடு என் பொறுப்பு.

சரஸ்வதி பூஜைக்குப் பெட்டியையும் என் பேனாவோடும் உன் மதினியின் தையல் மெஷினோடும் வைத்துப் பொட்டு வைத்தோம். ஆயுதம் அல்லவா? அன்று முழுக்கத் தொடக்கூடாது. எதிரிக்கு அந்த ஆசாரம் கிடையாது என்பது மட்டும் மனசை உறுத்தியது. நேற்று விஜயதசமியன்று எடுத்துப் பார்த்தால் சந்தனம் 'ஆம்' என்ற பொத்தானின் அடியில் இறங்கிக் காய்ந்திருக்கிறது. பொத்தான் அமுங்கியபடியே இருந்ததால் பெட்டி கேட்ட எல்லாவற்றுக்கும் ஆம் சொல்லிவிட்டது. மூலிகைகளை விற்கலாமா என்று கேட்டிருக்கிறது. ஆம். எல்லாவற்றையுமா? ஆம். எட்டு வாரம் சேர்த்த மருந்தெல்லாம் போயிற்று. உன் மதினி ஊக்கும் தையல் மெஷின் எண்ணெயும் கொண்டு பொத்தானை மீட்டாள். "ஆமா ஆமான்னே சொல்லிக்கிட்டிருந்தா இப்பிடித்தான் ஆகும்" என்றாள். பெட்டியைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று கேட்கவில்லை.

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். குழந்தைக்கு ஞாபகம் மங்குகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். இடியை எதிர்த்துத் தண்ணீர்ப் பிராணியை நிறுத்தவே கூடாது என்பது பாலபாடம். அந்த அட்டவணையை எனக்கு எழுதிக் கொடுத்தவளே அவள்தான். ஆனால் மூன்று வாரமாக, "இடிப்பாம்பு வந்தா சேர்வலாறை அனுப்புங்க மாமா, கண்டிப்பா" என்கிறாள். அனுப்பினேன். ஆமை எண்ணெயில் போட்ட வடகம் மாதிரி ஆகிவிட்டது. அதைச் சொன்னால், "அச்சச்சோ, அப்ப அடுத்த வாரமும் ட்ரை பண்ணுவோம்" என்கிறாள். பள்ளிக்கூடத்தில் பாடம் அதிகமா? சரியாகத் தூங்குகிறாளா? சுந்தர்ராமனிடம் வல்லாரைப் பொடி கொடுத்தனுப்புகிறேன். பாலில் கலந்து கொடு.

நாற்பது நிமிஷம் பேசுகிறோம் என்று மாப்பிள்ளை வருத்தப்பட்டதாக எழுதியிருக்கிறாய். நியாயம்தான். முன்பெல்லாம் அவள் என்னிடம் மூன்று வாக்கியம்தான் பேசுவாள். மாமா நல்லா இருக்கீங்களா, அத்தை நல்லா இருக்காங்களா, அம்மாகிட்ட குடுக்கேன். மூன்று வருஷமாக நான்காவது வாக்கியம் என்று ஒன்று வந்ததில்லை. நானும் என்னத்தைக் கேட்பேன், அங்கே மழை உண்டா என்று கேட்பேன். இப்போது நிலைமை வேறு. போர்க்காலத்தில் தகவல் தொடர்பைத் துண்டிப்பது எந்தத் தேசத்திலும் வழக்கமில்லை என்பதை மாப்பிள்ளையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்.

தவிரவும், இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது மெஷின்களெல்லாம் தேதி தெரியாமல் திண்டாடப் போகின்றனவாம். அதைச் சரிசெய்யத்தான் சுந்தர்ராமனே அங்கே வருகிறார். அப்படிப்பட்ட சமயத்தில் ஆறு ஜீவன்களை விமானத்தில் அனுப்புவது விவேகமல்ல.

மேற்கண்ட காரணங்களை முன்னிட்டு, பெட்டியைத் திருப்பி அனுப்புவதற்கு வரும் சித்திரை வரை, அல்லது ஸ்னேகா அடுத்த லீவுக்கு இங்கே நேரில் வரும் வரை, எது பிந்தியதோ அதுவரை, கால நீட்டிப்பு அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்போதுள்ள நிலையில் கிழவரை வெல்வதற்கான வாய்ப்பு கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். குழந்தைக்கு, படிப்பும் ஆயுளும் தாமிரபரணித் தண்ணீர் போல வற்றாதிருக்க என் ஆசி. பச்சையாறு முதல் சிற்றாறு வரை அறுவரும் அவளை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள அண்ணன்,
சிவசங்கரன்.

பின்குறிப்பு: விஜி, இது மதினி பார்வதி எழுதுவது. கவர் ஒட்டப் பசை எடுக்க உங்க அண்ணன் உள்ளே போயிருக்காங்க, அதற்குள் எழுதிவிடுகிறேன். மேலே எழுதியிருப்பதெல்லாம் நடந்ததுதான். ஜெயிக்கவில்லை என்பது மட்டும் பொய். பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாளே ஜெயிச்சாச்சு. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் ஒரு பாட்டு வந்தது, கறுப்பு அங்கிக் கிழவர் குனிந்து கும்பிட்டார், இதைப் பத்திரப்படுத்தட்டுமா என்று பெட்டி கேட்டது. உங்க அண்ணன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பத்திரப்படுத்தாமல் அணைச்சிட்டாங்க. ஏன் என்று கேட்டேன். "முடிஞ்சிட்டுன்னா ஞாயித்துக்கெழம பிள்ளகிட்ட என்னத்தப் பேச?" என்றார்கள். அப்புறமும் ஏழு தடவை ஜெயிச்சாங்க. ஏழு தடவையும் அணைச்சாச்சு. போன ஞாயிற்றுக்கிழமை ஸ்னேகா என்னோடு பேச வேண்டும் என்று கேட்டாள். குரலைத் தாழ்த்தி, "அத்தை, மாமா இன்னும் ஜெயிக்கலல்ல?" என்றாள். இல்லை கண்ணு என்றேன். "அப்பாடா" என்றாள். ஆகவே வல்லாரைப் பொடி வேண்டாம், நான் எடுத்துவைத்துவிட்டேன். சுந்தர்ராமனிடம் அந்த இடத்தில் மோர்மிளகாய் வைக்கிறேன். நீயும் ரெண்டு பேரிடமும் ஒன்றும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. கூடத்துக் கடிகாரம் இன்னும் நாலு பத்தில்தான் நிற்கிறது. புதுச் செல் வாங்கி வந்து ரெண்டு வாரமாகிறது, எனக்கும் அதைப் போட மனசு வரவில்லை. நிற்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.