அத்தான் தூங்கிய படமும் எண்ணூறு பதில்களும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். நீ நலமா என்று போனில் கேட்கலாமென்றால் மூன்று வாரமாக நீ எடுப்பதில்லை. ஆகவே கடிதம்.

தப்பு என்னுடையதுதான். அடுத்த மாதம் அத்தானுக்குச் சிலை திறக்கிறார்கள். ஆலைத் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை வாங்கிக் கொடுத்து, பிறகு அமைச்சராகி அதையே நாட்டுக்குச் சட்டமாக்கிய மனிதரை இந்தக் காலத்தில் ஒருவருக்கும் தெரியவில்லையே என்று வயிறெரிந்து, பேச்சுவார்த்தை மேஜையில் அவர் வாய் திறந்து தூங்கும் படத்தை இணையத்தில் போட்டேன். தூக்கம்தான் அவருடைய தந்திரம், முதலாளிகள் பேசிப் பேசிக் களைத்து இறங்கி வரட்டும் என்று கண்ணை மூடிக்கொள்வார் என்றெல்லாம் விளக்கி நாலு பக்கம் எழுதியிருந்தேன். சங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் தட்டச்சு செய்த கைக்குச் சுருக்கமாக எழுத வருமா? அந்தப் பாழாய்ப்போன செயலி முதல் வரியை மட்டும் காட்டிவிட்டு மிச்சத்தை மடித்து வைத்துக்கொண்டது. முதல் வரி: "இதோ, உழைப்பாளிகளின் தலைவர்!"

நாற்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். "திங்கட்கிழமை ஆபீஸ்ல நான்" என்கிறான் ஒருவன். "எங்க மேனேஜர் மாதிரியே இருக்காரு" என்கிறாள் ஒருத்தி. 'குறட்டைத் தலைவர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நான் விடுவேனா? ஒவ்வொருவருக்கும் "ஐயா, தாங்கள் அறியாதது" என்று தொடங்கி எண்ணூறு பதில் போட்டேன். கடைசியில் என் மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். "மாமா, நீங்க பதில் போடப் போடத்தான் அது இன்னும் நாலு பேருக்குப் போகுது!"

படத்தை இணையத்திலிருந்து நீக்கிவிட்டேன். நீக்கி என்ன, ஊரெல்லாம் பிரதி வைத்திருக்கிறது. சிரிப்பார்கள் என்று பயந்து நீ சிலை திறப்புக்கே வரமாட்டேன் என்றாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் பெயரைக் காப்பாற்றப் போய் நானே கெடுத்துவிட்டேன். என்னைத் திட்டு, ஆனால் விழாவுக்கு வா.

உன் கோபம் தணிந்து, கொஞ்சம் ஆசியும் மிச்சமிருக்க வேண்டும் தம்பி.

பி.கு.: எண்ணூறு பேரிடம் சொன்ன பொய்யை உன்னிடமும் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. அந்தப் படம் எடுத்த அன்று தந்திரமும் இல்லை, மண்ணும் இல்லை. நீ காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் உன் பக்கத்திலேயே விழித்திருந்த மனிதர், நாற்காலியில் உட்கார்ந்ததும் நிஜமாகவே தூங்கிவிட்டார். தட்டச்சுக்காகப் பக்கத்தில் இருந்த எனக்கு எழுப்பப் பயம். என்ன சொல்லியும் அசையாத ஆளைப் பார்த்து முதலாளிகளுக்கு அதைவிடப் பயம், கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒப்பந்தத்தை நீட்டி எழுப்பினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

"அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுச்சாடா?" என்றுதான் கேட்டார்.