மெதுவாகச் சுற்றிய தே ஐஸ்

எனக்கு இயற்பியல் தெரியும். தெரிந்தும் தெரியாதவள் மாதிரி நான் நடந்துகொண்டது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான். அன்றைக்குத்தான் எனக்கு வேலைத் தேர்வு.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டர். பட்டம் வாங்கி எட்டு மாதமாகக் கிள்ளானில் வீட்டில் இருந்தேன். (இருந்தேன் என்று நான் சொல்வேன். தின்று தூங்கினேன் என்று அப்பா சொல்வார்.) அந்த வேலை கிடைக்காவிட்டால் மேருவில் மாமாவின் லோரிக் கம்பெனியில் போன் எடுக்க உட்கார வேண்டும் என்று முடிவாகியிருந்தது. மாமாவின் லோரிகளைத் தேடி போன் செய்கிறவர்கள் யாரும் அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

சென்டர் முதலாளி தனபாலன் சார். பதினேழு வயதுப் படிவம் ஐந்து மாணவர்களுக்கு நான் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அவர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். பாடம், ஈர்ப்புவிசையும் செயற்கைக்கோளும். வாளியில் தண்ணீர் ஊற்றித் தலைக்கு மேல் சுற்றிக் காட்டுவதாகத் திட்டம். ஒரு வாரம் வீட்டுக்குப் பின்னால் பழகினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. அன்று காலை அந்த வாளியைக் கொமுட்டர் ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடக்கும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை. வேறு வழி தோன்றவில்லை.

"அண்ணே, தே ஐஸ் ஒன்னு, புங்குஸ் கட்டிக் குடுங்க. கயிறு கொஞ்சம் நீளமா விடுங்க."

பிளாஸ்டிக் பையில் ஐஸ் போட்ட டீ, நடுவே ஒரு உறிஞ்சுகுழல், வாயை இறுக்கிக் கட்டிய ராஃபியாக் கயிறு. செயற்கைக்கோளையே கட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு சென்டர் மாடியேறினேன்.

"செயற்கைக்கோள் விழாம இல்ல, விழுந்துக்கிட்டேதான் இருக்கு" என்று ஆரம்பித்தேன். "பக்கவாட்டுல அவ்ளோ வேகமா போறதால பூமிய தவறவிட்டுத் தவறவிட்டுச் சுத்தி வருது. இங்க கயிறு இழுக்குது, அங்க பூமி இழுக்குது."

சுற்றினேன். பை தலைக்கு மேல் போனது, கீழே வந்தது. ஒரு சொட்டு விழவில்லை. மாணவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மேருவுக்கும் எனக்கும் இனி ஒட்டுமில்லை உறவுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பின்வரிசையில் சார் கையைத் தூக்கினார். "டீச்சர், கொஞ்சம் மெதுவா சுத்துங்க லா. சரியா தெரியல."

மெதுவாகச் சுற்றினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். உச்சியில் வேகம் குறைந்தால் கயிறு தொய்ந்துவிடும், டீ தலையில் விழும். அடுத்து நான் நடத்தவிருந்ததே அதைத்தான். சூத்திரம்கூடப் போர்டில் என் கையெழுத்தில் இருந்தது. ஆனால் வேலை கொடுக்கப்போகிறவர் சொல்கிறாரே.

"சரி சார்" என்றேன்.

உச்சியில் கயிறு தொய்ந்தது. உறிஞ்சுகுழல் வழியாகப் பாதி டீ என் தலையில் இறங்கியது. விழுந்த பை கயிற்றை வெடுக்கென்று இழுக்க, கயிறு அறுந்தது. மீதி டீயோடு பை நேர்கோட்டில் பறந்துபோய் சாரின் பூப்போட்ட பாத்தேக் சட்டையில் மோதி வெடித்தது. ஒரு ஐஸ் கட்டி அவர் சட்டைப் பையில் தங்கியது. பாடப்புத்தகத்தின்படி பார்த்தால் எதுவும் தவறாக நடக்கவில்லை.

முன்வரிசைப் பெண் பேனாவைத் திறந்தாள். "டீச்சர், இது சோதனையில கேள்வியா வருமா?"

சார் ஐஸ் கட்டியை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். "மெதுவா சுத்தினா ஊத்தும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் சுத்தினீங்க?"

"நீங்க சொன்னீங்க சார்."

அவர் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார். "எனக்கு பிசிக்ஸ் தெரியாதும்மா. நான் தப்பா சொன்னா 'இல்ல சார்'னு சொல்லத்தான் ஆள் தேடுறேன்."

வேலை கிடைக்கவில்லை. கிள்ளான் வரைக்கும் அழுதேன். (தலை பிசுபிசுத்ததால் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, வசதியாக அழ முடிந்தது.) டீ கொட்டியதற்கு அழவில்லை. தெரிந்ததைத் தெரியும் என்று அப்போதே சொல்ல வாய் வரவில்லையே, அந்த வெட்கம்தான் தாங்க முடியவில்லை.

மேருவில் ஒரு வருஷம் போன் எடுத்தேன். இப்போது காஜாங்கில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. நான் எந்தக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தாலும் அப்பாவின் முதல் கேள்வி ஒன்றுதான். "யாரு நனைஞ்சா?" தம்பி கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து முழுக் கதையையும் சொன்னார்.

போன மாதம் தலைமையாசிரியர், பரிசோதனைகளை எல்லாம் இனி வீடியோவில் காட்டினால் போதும் என்றார். நான் எழுந்து நின்று, "இல்ல சார், அது சரிவராது" என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் டிவியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"அப்போ யாருமே நனையலையா?"

"இல்லப்பா."

அவருக்குப் பெருமையாகத்தான் இருந்திருக்கும். முகத்தில் என்னவோ ஏமாற்றம்தான் தெரிந்தது.