மூணுவேளை ஐயாவும் துருப்பிடித்த நோயாளியும்

ஊவா மாகாணம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், மோட்டார் சைக்கிளுக்கு நாடி பிடித்துப் பார்த்த மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர், மூணுவேளை ஐயா.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்த எனக்கே அது சட்டென்று வாயில் வராது. காய்ச்சல் என்று போனாலும், கால் சுளுக்கு என்று போனாலும் அவர் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: "மூணு வேளை. சாப்பாட்டுக்குப் பொறகு." மருந்தோடு நிறுத்தினால் பரவாயில்லை. பொண்டாட்டி பேசுவதில்லை என்று ஒருவன் வந்து அழுதான். "நீ போய் மூணு வேளை பேசு. சாப்பாட்டுக்குப் பொறகு பேசு, பசியில பேசாத" என்று அனுப்பிவைத்தார். புதிதாக வந்த உதவி மனேஜர், சின்னத்தொரை, அட்டைக்கடி பொறுக்காமல் முறையிட்டபோது, "மூணு வேளை கால உதறுங்க தொர" என்றார். தொரையும் பாவம், உதறினார்.

எங்கள் தோட்டம் அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில் இருக்கிறது. என் குவார்ட்டர்சும் அவர் குவார்ட்டர்சும் ஒரே சுவர். ஆகவே அந்த வீட்டில் நடந்த எதற்கும் நான் ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை, காது போதும்.

அவருக்கு ஒரே மகள், தனுஷி. வயது பதினாறு. எட்டு வயதில் என் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தவள். திரும்பப் பூட்டியும் கொடுத்தாள், அதுதான் ஆச்சரியம். பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருந்த காலத்தில், டிஸ்பென்சரிக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையை ஒதுக்கிச் சுத்தம் பண்ணச் சொன்னார்கள். விறகுக்கு அடியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழிக்கு அடியில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது.

வெள்ளைக்காரன் காலத்து வண்டி. அந்தக் காலத்து டிஸ்பென்சர் ஒருவர் டிவிசன் டிவிசனாகப் போய் மருந்து கொடுத்தது இதில்தானாம். ஆபீசில் கேட்டதற்கு, "அந்தக் குப்பைய யாராவது எடுத்துட்டுப் போனா போதும்" என்றார்கள். தகப்பனும் மகளும் அதைத் தூக்கி வந்து வாசலில் வைத்தார்கள். டீச்சர், அதாவது மூணுவேளை ஐயாவின் மனைவி, அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமையலறையில் இருந்த நல்ல சட்டிகளை எல்லாம் உள்ளே வைத்துப் பூட்டினார். அவருக்குத் தன் குடும்பத்தைத் தெரியும்.

ஐயா முதலில் நோயாளிக்கு ஒரு அட்டை போட்டார். நான் வாசித்தேன். "பெயர்: தெரியாது. வயது: எழுபதுக்கு மேல். முறைப்பாடு: அசைவு இல்லை. பசி: தெரியவில்லை." பிறகு ஸ்டெதஸ்கோப்பை எடுத்து பெற்றோல் டாங்கியின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சளி கட்டியிருக்கு" என்றார்.

"அப்பா, அது டாங்கி. உள்ள இருக்கிறது துரு."

"நெஞ்சுலதானே இருக்கு?"

"நெஞ்சு கீழ. அது காபுரேட்டர். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா."

இப்படித்தான் வேலை தொடங்கியது. தனுஷி போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கழற்றுவாள். ஐயா பக்கத்தில் டோர்ச் பிடிப்பார், ஆலோசனை சொல்வார். ஆலோசனைகளை அவள் கேட்டுக்கொள்வாள், செய்ய மாட்டாள். ஒரு மாதத்தில் வண்டி முழுதும் துண்டு துண்டானது. துண்டுகளைப் போட்டுவைக்க ஐயா தந்தது மாத்திரைக் கவர்கள். காலை, பகல், இரவு என்று அச்சடித்த அதே சின்னக் கடதாசிக் கவர்கள். மேலே என்ன பாகம் என்று தன் கையாலேயே எழுதினார். அவருடைய கையெழுத்தை உலகத்தில் வாசிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான், அதுவும் எழுதிய அன்றைக்கு மட்டும்.

வந்தது வினை. முட்டிவலிக்கு மருந்து கேட்டு வேலாயுதம் என்ற பென்சன்காரர் வந்திருக்கிறார். ஐயா மேசையில் கிடந்த கவரை எடுத்துக் கொடுத்து, மூணு வேளை என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் காலை கிழவர் நல்ல நடையில் திரும்பி வந்தார்.

"டாக்டரய்யா, அந்த வெள்ளி மாத்திரை இன்னும் கொஞ்சம் குடுங்க. முட்டி வலி பாதி போயிருச்சு. கடிக்கத்தான் முடியல, அப்புடியே முழுங்கிட்டேன். லேசா மண்ணெண்ண வாசம் அடிக்குது. அசல் இங்கிலீசு மருந்துதானே?"

உள்ளேயிருந்து தனுஷியின் குரல் வந்தது. "அப்பா, ஹாண்டில் கழுத்துக்குப் போடுற இரும்புக் குண்டுல ஆறு கொறையுது!"

ஐயா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கிழவர் சொன்னதில் பிழை இல்லை, குண்டுகள் அசல் இங்கிலாந்துத் தயாரிப்புதான். கிழவருக்கு வாழைப்பழம் கொடுத்தார், மூணு வேளை. பயத்தில் தான் சாப்பிடாமல் கிழவர் வீட்டு வாசலிலேயே காவல் கிடந்தார். இரண்டு நாளில் ஆறு குண்டும் வண்டிக்கு வந்து சேர்ந்தன. எப்படி வந்தன என்பதை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது. நல்ல மருந்தை நிறுத்திவிட்டார் என்று வேலாயுதம் இன்றுவரை அவர்மேல் கோபமாக இருக்கிறார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் பெறுபேறு வந்தது. விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஏ. ஐயா தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயம் லயமாகப் போய் லட்டு கொடுத்தார். "மக டாக்டராகப் போறா" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது மகள் கிரீஸ் கையோடு நின்றுகொண்டு, "அப்பா, நான் பயோ எடுக்கல. தொழில்நுட்பப் பிரிவுக்குப் போறேன். எஞ்சின் படிக்கணும்" என்றாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். குடிப்பதை நிறுத்திவிட்டேன். மறுநாள் மூணுவேளை ஐயா மூன்று வேளையும் சாப்பிடவில்லை.

அன்று இரவு என் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்ததும் சொன்னார். "கிளாக்கர், முப்பது வருசமா என்னைய டாக்டர்னு கூப்பிடுறாங்க. பதுளையிலிருந்து ஒரு நெஜ டாக்டர் வந்தா நான்தான் எந்திரிச்சு நின்னு கதிரையக் குடுக்கணும். எம்மக அந்தக் கதிரையில ஒக்காரணும்னு ஆசப்பட்டேன். அது தப்பா?"

தப்பில்லை என்றேன். அவள் ஆசையும் தப்பில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அப்போது தனுஷியும் வந்து நின்றாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது, ஆனால் நிமிர்ந்துதான் நின்றாள். பேச்சு நீண்டு நீண்டு கடைசியில் ஐயாவே ஒரு பந்தயம் வைத்தார்.

"நீங்க சாட்சி, கிளாக்கர். உயர்தரத்துல சேர பதுளை ஸ்கூல்ல ஃபோம் குடுக்கிற கடைசி நாளைக்கு இந்த வண்டியிலதான் போறோம். இங்கருந்து பதுளை ஸ்கூல் வாசல் வரைக்கும் ஒரு இடத்துலயும் தள்ளக்கூடாது. போய்ச் சேந்துட்டா அவ சொல்ற ஃபோம். நின்னு போச்சுன்னா நான் சொல்ற ஃபோம்."

"சரிப்பா" என்றாள் தனுஷி. வண்டியின் எஞ்சின் அப்போது இரண்டு சட்டியிலும் பதினேழு கவரிலும் இருந்தது.

அவள் பூட்டினாள். ராப்பகலாகப் பூட்டினாள் என்று எழுத ஆசைதான், ஆனால் ஒன்பது மணிக்கு டீச்சர் லைட்டை அணைத்துவிடுவார். பந்தயம் வைத்த மனிதர் எதிர்க்கட்சி அல்லவா, ஒதுங்கி நிற்க வேண்டாமா? நிற்கவில்லை. பக்கத்திலேயே குந்திக்கொண்டு டோர்ச் பிடித்தார். துருப்பிடித்த ஆணிகளை ஊசியால் எண்ணெய் ஏற்றிக் கழற்றினார். பண்டாரவளைக்குப் போய் ஒரு நாள் முழுக்க அலைந்து ரப்பர் வளையம் வாங்கி வந்தார். வண்டியின் பழைய பத்திரங்களைத் தேடி அரசாங்கக் கச்சேரிக்கும் வீட்டுக்குமாக நடந்தார். "ஐயா, நீங்க யாரு பக்கம்?" என்று கேட்டேன். "நோயாளி பக்கம்" என்றார்.

எல்லாம் பூட்டியாயிற்று. இனி உதைத்துக் கிளப்ப வேண்டும். அங்கே வந்தது அடுத்த வில்லங்கம். காலையில் மூன்று உதை, பகலில் மூன்று, மாலையில் மூன்று. அதற்குமேல் ஒன்றுகூட ஐயா விடமாட்டார்.

"அப்பா, இப்பத்தான் எஞ்சின் சூடாகுது. இன்னும் ஒண்ணு ஒதச்சா பத்திக்கும்."

"ஓவர்டோசு. நாளைக்கு."

ஒரு கிழமை, ஏழு நாளும், இப்படியே போனது. கடைசி நாளுக்கு முந்திய நாள், அவர் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்குத் தடுப்பூசி போடப் போயிருந்த நேரம், தனுஷி என்னைப் பார்த்தாள். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அவள் ஏறி உதைத்தாள். மூன்றைத் தாண்டி ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டாவது உதையில் வண்டி இருமியது, தும்மியது, பிறகு முழங்கியது. மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துக் கூவினார்கள். ஐயா கையில் ஊசியோடு ஓடி வந்தார்.

"எத்தனாவது ஒத?"

"மூணாவதுப்பா."

"கிளாக்கர்?"

"மூணுதான்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அது ஒன்றுக்குத்தான் நான் வருத்தப்பட்டதில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிபோலக் கிளம்பினோம். ஐயா வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், தலையில் ஹெல்மட். பின்னால் தனுஷி, மடியில் அவருடைய மருந்துப் பை. பைக்குள் இரண்டு ஃபோம். அவர்களுக்குப் பின்னால் சாட்சியாக நான், என் பழைய ஓட்டோவில். பண்டாரவளையில் பஸ்ஸே ஒதுங்கி வழிவிட்டது, புகை அப்படி. எல்லவுக்குத் திரும்புகிற சந்தியில் இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் படம் எடுத்தார்கள். வெயிலில் சிவந்திருந்த அவர்கள் முகத்தைப் பார்த்து ஐயா மூன்று விரலைக் காட்டினார். ஏதோ வெற்றிச் சின்னம் என்று நினைத்து அவர்களும் காட்டினார்கள்.

தெமோதரை தாண்டி ஒரு வளைவில் புகை நின்றது. சத்தமும் நின்றது. ஆனால் வண்டி நிற்கவில்லை, இறக்கம் அல்லவா, தன்பாட்டில் உருண்டது. ஐயாவோ எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்பதுபோலத் தொண்டை கிழியக் கத்தினார். "தனுஷி! வண்டி எப்புடி ஓடுது பாத்தியா!" சத்தமே இல்லாத ரோட்டில் அது இரண்டு கட்டை தூரத்துக்குக் கேட்டிருக்கும். மனிதருக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

உருண்டு, உருண்டு, பதுளைக்குள்ளேயே வந்துவிட்டோம். பாடசாலைக்குப் போகிற ரோட்டு மட்டும் மேடு. மேட்டின் அடியில் வண்டி நின்றது. மேலே பாடசாலை வாசல் தெரிந்தது. மணி ஒன்று. ஒன்றரைக்கு ஆபீசை மூடிவிடுவார்கள்.

தனுஷி இறங்கிக் குனிந்து எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தாள். எஞ்சினுக்குள் சின்னக் கம்பிச்சுருள் ஒன்று ஒடிந்திருந்தது. பதுளையில் எந்தக் கடையிலும் கிடைக்காத சாமான். அவள் எழுந்தாள். வண்டியின் பின்பக்கம் போய்க் கையை வைத்தாள்.

"தள்ளாத!" என்று கத்தினார் ஐயா.

அவள் கையை எடுத்துவிட்டாள். எனக்கே அவர்மேல் ஆத்திரம் வந்தது. இந்த நேரத்திலுமா பந்தயம்?

அவர் மருந்துப் பையைத் திறந்தார். ஃபோமை எடுக்கவில்லை. பெண்டேஜ் சுருள்களை எடுத்தார். "தள்ளக்கூடாதுன்னுதானே பேச்சு? இழுக்கக்கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா? கிளாக்கர், நீங்கதானே சாட்சி?"

"யாரும் சொல்லலைங்க" என்றேன்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எஞ்சின் நின்றது அவருக்குத் தெமோதரையிலேயே தெரியும், தெரிந்துதான் அப்படிக் கத்தியிருக்கிறார்.

முதலில் எடுத்தது சுளுக்குக்குக் கட்டுகிற இழுபடும் பெண்டேஜ். ஐயா அதை ஹாண்டிலில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஆறடி நடந்தார், வண்டி அசையவில்லை. ஏழாவது அடியில் பெண்டேஜ் அவரைப் பின்னால் இழுத்து வண்டியின் மேலேயே உட்கார வைத்தது. தனுஷி அழுகையும் சிரிப்புமாக ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பருத்திப் பெண்டேஜை மூன்று மடிப்பாக முறுக்கிக் கட்டினார். நானும் ஓட்டோவை ஓரம் கட்டிவிட்டு வந்து ஒரு முனையைப் பிடித்தேன். பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் ரோட்டின் இரண்டு பக்கமும் நின்று பார்க்க, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் ஆட, அந்த மனிதர் மகளுடைய வண்டியை மேட்டில் இழுத்தார். தான் தோற்பதற்காக ஒரு மனிதர் இவ்வளவு வேர்த்து நான் பார்த்ததில்லை.

ஆபீசுக்குள் நுழையும்போது ஒன்று இருபத்தைந்து. "எந்தப் பிரிவு?" என்று கேட்டார்கள். தனுஷி தகப்பனைப் பார்த்தாள். ஐயாவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு நிமிடம் பைக்குள் கையை விட்டபடியே நின்றார். அந்த ஒரு நிமிடத்தில் முப்பது வருட ஆசை அவர் முகத்தில் வந்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். பிறகு ஃபோமை எடுத்து மேசையில் வைத்தார்.

"தொழில்நுட்பம். எம்மக எஞ்சின் படிக்கப் போறா" என்றார். லட்டு கொடுத்தபோது சொன்ன அதே சத்தத்தில்.

வெளியே வந்து மதிலோரம் உட்கார்ந்தோம். பெண்டேஜ் அறுத்து அவர் உள்ளங்கை இரண்டும் சிவந்து தோல் உரிந்திருந்தன. தனுஷி பையிலிருந்து களிம்பை எடுத்து அந்தக் கைகளைத் தன் மடியில் வைத்துப் பூசினாள். நான் எதையோ கேலியாகச் சொல்லி இரண்டு பேரையும் சிரிக்க வைத்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இத்தனை வருடம் இருந்தும், அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை. ரொம்பப் பிடிக்கும், ஐயா.