பால்மூடி விசாரணைக் கமிஷன்

சூதாட்டம் என்னும் கொடிய நோயை உலகிலிருந்தே விரட்டிய பெருமை, ஓவாஹு தீவின் மழைப்பக்கத்தில் உள்ள ஓர் ஆரம்பப் பள்ளிக்கே உரியது. 1993இல் அதன் தலைமையாசிரியராக இருந்த கனேஷிரோ, பிள்ளைகளிடமிருந்த பால்மூடிகளையெல்லாம் 'சமூக நலன் கருதி' பறிமுதல் செய்து, சோயா சாஸ் வாளி ஒன்றில் போட்டுப் பூட்டினார். பால் புட்டியை மூடும் வட்ட அட்டைகள்தான். கவிழ்த்து அடுக்கி, கனமான வட்டு ஒன்றால் ஓங்கி அடித்தால், மல்லாந்தவை அடித்தவருக்கு. நாடு குட்டிச்சுவராக இதைவிட என்ன வேண்டும்?

பறிபோனவற்றில் நாலாம் வகுப்பு நோயலானியின் பித்தளை வட்டும் ஒன்று. கரும்பாலையில் வேலை பார்க்கும் அவள் அப்பா கடைந்து கொடுத்தது. அவள் தினமும் வந்து கேட்டாள். "விசாரணை முடியட்டும்மா" என்பார் கனேஷிரோ.

வெள்ளிக்கிழமை கமிஷன் கூடியது. தலைமையாசிரியர், உடற்பயிற்சி ஆசிரியர் மெடெய்ரோஸ், நூலகர் மிசஸ் அகானா. தீமையை ஒழிக்குமுன் அதை நேரில் அறிவது கடமையல்லவா? மூவரும் ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"ஒரே ஒரு ஆட்டம். சாம்பிளுக்கு" என்றார் கனேஷிரோ.

மதியத்துக்கு வைத்திருந்த ஸ்பாம் முசுபி, இறைச்சித் துண்டு வைத்த சோற்றுக்கட்டி, தட்டிலேயே காய்ந்தது. மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை.

"மெடெய்ரோஸ், முட்டிய கோட்டுக்குள்ள வைக்காதீங்க!" என்று கத்தினார் கனேஷிரோ.

"எந்தக் கோடு? இப்பத்தானே போட்டீங்க!"

"யோவ், அந்த சுறா மூடி என்னுது! கைய எடுய்யா!" இது, நூலகத்தில் 'உஷ்' தவிர வேறு சொல் அறியாத மிசஸ் அகானா.

பித்தளை வட்டு கனேஷிரோவின் கையில் இருந்தது. வாளியில் பாதி அவர் மடிக்கு வந்துவிட்டது. பதவி உயர்வு வந்த நாளில்கூட மனிதர் இவ்வளவு மகிழ்ந்ததில்லை.

கதவு திறந்தது. நோயலானி நின்றாள்.

"சார், என் வட்டு."

"சோதனை நடக்குதும்மா."

"யாரு ஜெயிக்கிறாங்க?"

"நான்தான்!" என்றார், மறைக்க முடியாமல்.

"ஆரம்பிக்கறப்ப 'ஜெயிச்சவங்களுக்கே'ன்னு சொன்னீங்களா, 'சும்மா'ன்னு சொன்னீங்களா?"

கனேஷிரோ கேட்டார்: "அதெல்லாம் சொல்லணுமா?"

"ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைகூட சொல்லிட்டுத்தான் சார் ஆடும். சொல்லலேன்னா சும்மா ஆட்டம். எல்லாத்தையும் உரியவங்களுக்குத் திருப்பிக் குடுத்துரணும்."

"பிள்ளை சொல்றது நியாயந்தானே!" என்றார் மெடெய்ரோஸ். அவர் மடி காலி.

கனேஷிரோ தொண்டையைக் கனைத்துப் பதவியை வரவழைத்துக்கொண்டார். "இந்த வட்டு ஆட்டத்துல எடுத்ததில்லம்மா. ஆபீஸ் எடுத்தது."

நோயலானி கையை நீட்டியபடியே யோசித்தாள்.

"ஆடி எடுத்தா ஜெயிச்சதுன்னு சொல்வோம். ஆடாமலே எடுத்தா எங்க கிளாஸ்ல அதுக்கு வேற பேரு."

"என்ன பேரு?" என்று கேட்டுத் தொலைத்தார் மெடெய்ரோஸ்.

அவள் மரியாதை குறையாமல்தான் சொன்னாள்: "திருட்டு, சார்."