ஓதவ்ஜி சாகத் துணிந்த கதை

சாகும்வரை உண்ணாவிரதம் என்று ஓதவ்ஜி அறிவித்தபோது அவர் மனைவி ரளியாத் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

ஊரெல்லாம் உப்புக் காய்ச்சிய வருஷம் அது. சூரத்தில் சீமைத்துணி விற்கும் சேட்டிடம் ஓதவ்ஜி குமாஸ்தா. அந்தக் கடை வாசலில்தான் ரளியாத் கதர்ப்புடவையோடு மறியல் செய்துகொண்டிருந்தாள். "உம்ம சம்சாரம் வாசல்ல, நீர் உள்ளே. சனிக்கிழமைக்குள்ள அவளை நிறுத்தும். இல்லேன்னா நீரும் வாசலுக்கே போயிடலாம்" என்று சேட் சொல்லிவிட்டார். மனைவியோடு சண்டை போட்டு ஓதவ்ஜி ஜெயித்ததாகச் சரித்திரம் கிடையாது. மிச்சமிருந்தது அகிம்சைதான்.

வேலை முடிந்ததும் இரண்டு தெரு சுற்றித்தான் அவர் வீடு வருவார். அஜீரணத்துக்கு நடை நல்லதாம். சுற்றுகிற வழியில் தாராப்ஜியின் கள்ளுக்கடை இருந்தது தற்செயல்.

"நீ மறியலை நிறுத்தற வரைக்கும் பச்சைத் தண்ணிதான். கோபப்பட மாட்டேன், கை ஓங்க மாட்டேன்" என்றார்.

ரளியாத் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "இருங்க. ஆனா மனசார இருக்கணும். வெளியே ஒண்ணு, உள்ளே ஒண்ணுன்னா அது சத்தியாக்கிரகம் இல்லே."

அவருக்குச் சுருக்கென்றது. சாமான் அறையில், ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால், ஏகாதசிக்கென்று வறுத்த உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் டப்பா நிறைய இருந்தன. விரதத்தில் சாப்பிடலாம் என்று சாஸ்திரமே அனுமதித்த பண்டம். அதை நம்பித்தான் சாகத் துணிந்திருந்தார்.

ரளியாத் மறியலுக்குக் கிளம்பினாள். சேட்டிடம் விடுப்பு வாங்கியிருந்த ஓதவ்ஜி பூனை மாதிரி சாமான் அறைக்கு நடந்தார். அந்த அறை வாசலில் பக்கத்து வீட்டு தீவாளியும் அவள் நாத்தனார் ஜெக்கோரும் தக்ளியில் நூல் நூற்றபடி உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் கைகூப்பினார்கள்.

"வேண்டாம் அண்ணா. விரதத்தைக் கெடுத்துக்காதீங்க."

"ஊறுகாயை வெயில்ல வைக்க வந்தேம்மா."

"நாங்க வெச்சுட்டோம் அண்ணா."

"இது என் வீடு."

"துணிக்கடை சேட்டும் இதையேதான் சொன்னார் அண்ணா" என்றாள் தீவாளி.

ஒரு காலை எடுத்து வைத்தார். இருவரும் நிலைப்படிக்குக் குறுக்கே படுத்துவிட்டார்கள். பெண்பிள்ளைகளைத் தாண்டிப் போக முடியுமா? திட்டலாமென்றால், கோபப்பட மாட்டேன் என்று காலையிலேயே வாக்குக் கொடுத்தாயிற்று. போலீஸ்காரன் ஏன் தடியைத் தூக்குகிறான் என்று ஓதவ்ஜிக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கும்பிடுகிறவளை வேறு என்னதான் செய்வது?

சாயங்காலம் ரளியாத் வந்தபோது அவர் பிழிந்து போட்ட துணியாய்க் கிடந்தார். அவள் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்தாள்.

"குடிங்க. உங்க சேட் கடைக்கு இனிமே போக மாட்டேன்."

அகிம்சை வென்றது. ஒரே மடக்கில் பாதி காலி. அப்புறம்தான் சந்தேகம் வந்தது.

"இவ்வளவு சுலபமா ஒத்துக்கிட்டியே?"

"சேட் மத்தியானமே சீமைத்துணியை மூட்டை கட்டி முத்திரை வெச்சுட்டார். இனிமே கதர்தான் விப்பாராம். அங்கே எங்களுக்கு என்ன வேலை? நாளையிலேருந்து தாராப்ஜி கள்ளுக்கடை."

டம்ளர் அந்தரத்தில் நின்றது.

"அங்கே... யாரைக் கும்பிடப் போறீங்க?"

"அஜீரணத்துக்கு நடக்கிறவர் ஒருத்தர் தினமும் வர்றாராம். முதல்ல அவரை."