மலிவு டிரில்லும் மேல் பெர்த்தும்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். கயிறு இல்லாத காளை. அரைநாள் தின்னும், கால்மணி நேரம் துள்ளும், அப்புறம் பொத்தென்று படுத்துவிடும். துள்ளுகிற நேரத்தில் மூக்கால் மரத்தைக் குத்தும். அது என்ன?

மூக்கு சுழலும் என்று ஒரு குறிப்பும் தருகிறேன். அப்படியும் தெரியவில்லை என்றால் நீங்கள் நிம்மதியாக வாழ்கிறவர். அது ஒயர் இல்லாமல் பேட்டரியில் ஓடும் டிரில். அதிலும் மலிவு விலை டிரில். அப்படி ஒரு காளையை நான் வளர்த்திருக்கிறேன்.

அப்போது எங்கள் பாப்பா இரண்டாம் வகுப்பு. மாடியில் ஒரு வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, பின்பக்கம் ஒரு சின்ன அறை. அந்த அறைக்கு மேற்கே பார்த்த ஜன்னல். சாயங்காலம் வெயில் உள்ளே வந்து தரையில் ஒரு பாய் அளவுக்கு விரித்துக்கொண்டு படுக்கும். அந்த வீட்டைக் காலி செய்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்த வெயில் மட்டும் இன்னும் என்னோடு குடியிருக்கிறது.

அந்த அறையை எனக்குப் பட்டறையாக்கிவிடுவது என்று ஒரு நாள் முடிவு செய்தேன். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பகலெல்லாம் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. என் கையால் ஒரு பொருள் முளைத்து நிற்பதைப் பார்க்க ஆசை. ஆசை வந்ததும் கருவி வேண்டுமே. கடைத்தெரு முனையில் 'நம்ப முடியாத விலை' என்று பலகை வைத்திருந்தார்கள். நான் நம்பினேன்.

டிரில் ஒன்று, குட்டி ரம்ப மெஷின் ஒன்று, மரத்தைத் தேய்க்கிற மெஷின் ஒன்று. மூன்றுக்கும் பேட்டரி வேறு வேறு வடிவம். ஒன்றுக்கொன்று பொருந்தாது. அதனால் சார்ஜரும் மூன்று.

என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். எதையும் அளவு பார்க்காமல் கையில் எடுக்க மாட்டாள். வேலை முடிந்து வந்தவள் சமையலறையில் நின்று கூப்பிட்டாள்.

"ஏங்க, மிக்ஸியைச் சொருக ஒரு பிளக் பாயின்ட் கூட இல்லையே."

"சார்ஜ் ஏறுது."

"மூணுலயுமா?"

"மூணு மெஷின் இருக்குல்ல."

"ஒயர் இல்லாத மெஷின்னு சொன்னீங்க. வீட்டுல இருந்ததைவிட மூணு ஒயர் கூட வந்திருக்கு."

"வேலை செய்யும்போதுதான்மா ஒயர் இருக்காது."

"எப்ப வேலை செய்யும்?"

"சார்ஜ் ஏறினதும்."

"எப்ப ஏறும்?"

"அஞ்சு மணி நேரம் ஆகும்னு போட்டிருக்கான்."

"அதுவரைக்கும் மிக்ஸி உங்க பட்டறையில சேர்ந்த வேலையாள் மாதிரி சும்மா நிக்கணும். சரி, பட்டறை எங்க?"

"அந்த சின்ன ரூம்."

"அது பாப்பாவுக்கு."

"அவதான் நம்மகூட படுக்கிறாளே."

"படுக்கிறாளா? உதைக்கிறா. போன வாரம் உங்க மூக்குல ஒண்ணு விழுந்துதே, அது நான்னு நெனச்சு ஒரு நாள் முழுக்க மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்க."

மூக்கைத் தடவிக்கொண்டேன். என்னிடம் ஒரு யோசனை இருந்தது. லீவில் ரயிலில் போய் வந்ததிலிருந்து பாப்பா ஒரே பிடிவாதமாக இருந்தாள். படுத்தால் மேல் பெர்த்தில்தான் படுப்பாளாம். சாப்பாட்டு மேஜைமேல் ஏறிப் படுத்துக்கூடப் பார்த்துவிட்டாள்.

"ஹால்ல ஜன்னலோரமா அவளுக்கு ஒரு மேல் பெர்த் செஞ்சு தர்றேன். என் கையால. அளவெல்லாம் எடுத்தாச்சு. அது முடிஞ்சதும் சின்ன ரூம் எனக்கு" என்றேன்.

மனைவி சின்ன அறைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரி. கட்டில் எங்க நிக்குதோ, அந்த ரூம் பாப்பாவோடது. மிச்சம் உங்க இஷ்டம். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நான் ஏன் மாறறேன்?"

"பாப்பா, நீதான் சாட்சி."

பாப்பா தலையாட்டினாள். சாட்சிக்கு அப்போது முன்பல் இரண்டு இல்லை.

"இன்னொண்ணு. ஹால்ல வெச்சு அறுத்தா மரத்தூள் சாப்பாட்டுல விழும். சின்ன ரூம்லயே வெச்சு செய்யுங்க. கதவைச் சாத்திக்கிட்டா உங்களுக்கும் தொந்தரவு இல்ல" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சண்டை தொடங்கும் முன்பே கோட்டையின் சாவியைக் கையில் கொடுக்கிறாளே, இவளையா சாமர்த்தியசாலி என்று ஊர் சொல்கிறது என்று நினைத்தேன்.

வேலை தொடங்கியது. டிரில் கால்மணி நேரம் ஓடும். நின்றுவிடும். சார்ஜரில் போட்டால் சிவப்பு விளக்கு எரியும். பச்சை எரிந்தால்தான் மறுபடி எடுக்கலாம். அதுவரை நானும் பாப்பாவும் மரத்தூள்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்போம்.

முதல் நாள் நான் அலுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் பாப்பா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"அப்பா, சிக்னல் செவப்பா இருக்கு. வண்டி நிக்கணும். எறங்காதீங்க."

"எந்த ஸ்டேஷன் இது?"

"இன்னும் வரல. நடுவுல நிக்கிறோம். வெளிய காடு."

நாலு கால் மட்டும் நட்டு நின்ற கட்டிலுக்கு அடியில் நாங்கள் ரயில் பயணிகளாக உட்கார்ந்திருந்தோம். டிரில் பெட்டியில் அதன் மூக்கில் மாட்டுகிற பிட் நூற்றுக்கு மேல் இருந்தது. பாதிக்கு என்ன வேலை என்று எனக்கே தெரியாது. பாப்பாவுக்குத் தெரிந்தது. நீளமானவை பெரியவர்கள், குட்டையானவை குழந்தைகள். எல்லோருக்கும் டிக்கெட் உண்டு. டிக்கெட் எடுக்காத ஒரு வளைந்த பிட்டை அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டோம். அது அழுததாம். மறுபடி ஏற்றிக்கொண்டோம். மேற்கு ஜன்னல் வெயில் எங்கள் பெட்டிக்குள் வந்து, பாப்பாவின் தலைமுடியில் ஒட்டியிருந்த மரச்சுருளையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போகும்.

நல்ல டிரில்லாக வாங்கியிருந்தால் அந்தக் கட்டில் இரண்டே நாளில் முடிந்திருக்கும். அந்த ரயில் ஓடியே இருக்காது. மலிவு டிரில் வாங்கலாமா, கூடாதா என்று யாராவது கேட்டால், முதலில் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

ஆனால் அது டிரில்லாக என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதன் கழுத்தில் எண் போட்ட ஒரு வளையம் இருக்கும். ஸ்க்ரூ இறுகியதும் டிரில் தானாக விட்டுவிட வேண்டும். அதற்குத்தான் அந்த வளையம். எங்கள் டிரில்லில் எந்த எண்ணில் வைத்தாலும் அது விடாது. ஸ்க்ரூ உள்ளே போன பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்க்ரூவின் தலையில் இருந்த கூட்டல் குறியெல்லாம் தேய்ந்து, கடைசியில் வழவழவென்று ஒரு குழிதான் மிஞ்சும்.

கீழ்வீட்டில் பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். சத்தம் கேட்டு ஒரு நாள் மேலே வந்து டிரில்லைக் கையில் வாங்கி, எடை பார்ப்பவர் போல ஏந்தினார்.

"சார், மலிவா வாங்கறது தப்பில்ல. வருஷத்துக்கு நாலு ஸ்க்ரூ முடுக்கறவங்களுக்கு இது தாராளம்."

"இந்தக் கட்டில்லயே நாப்பத்தெட்டு இருக்குங்க."

"அப்ப பன்னெண்டு வருஷ வேலையை ஒரே மாசத்துல வாங்கறீங்க. அது என்ன பண்ணும், பாவம்."

"ஓடுதே."

"ஓடுது. பேட்டரி போச்சுன்னா இதுக்குப் பொருந்தற பேட்டரிக்கு எங்க ஓடுவீங்க? இதே விலைக்கு ஒயர் வெச்சதுல உருப்படியா ஒண்ணு வந்திருக்கும். ஒயர் நீளத்துக்குத்தான் போகும். ஆனா போகும்."

அப்புறம் கட்டிலைச் சுற்றி வந்தார். கட்டிலைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி கட்டிலைப் பார்த்தார்.

"ஆமா சார், இதை எப்படி..."

"அண்ணா, காபி ஆறுது" என்றாள் மனைவி, வாசற்படியில் நின்று.

அவர் அவளைப் பார்த்தார். காபியைக் குடித்தார். "நல்ல காபி, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமலே இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் மனைவி கட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ஸ்க்ரூ ஒவ்வொண்ணும் லேசா ஆடுதே. இது மேல குழந்தை படுக்கணும். எல்லா மூட்டுலயும் நல்ல பசையா போட்டுடுங்க."

நியாயமாகப் பட்டது. போட்டேன். ஒரு நாள் காயவிட்டேன். யானை ஏறினாலும் அசையாத கட்டிலாகிவிட்டது. ஏணி, கைப்பிடி, விழாமல் இருக்கச் சுற்றிலும் சட்டம். கடைசியில் நான் கதவைத் திறந்து அழைக்க, மனைவி வந்து பார்த்து, "அழகா இருக்குங்க" என்றாள். அதை அவள் மனதாரத்தான் சொன்னாள். இன்றைக்கும் நான் அப்படித்தான் நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி ஹாலுக்குத் தூக்கினேன். கட்டில் கதவில் இடித்தது. சாய்த்தோம். இடித்தது. கவிழ்த்தோம், நிமிர்த்தோம், நெட்டுக்குத்தாக நிறுத்தினோம். எப்படித் திருப்பினாலும் இடித்தது. கட்டில் மூன்றடி அகலம், நாலடி உயரம். கதவு இரண்டரை அடி. ஊரார் விட்ட ஒற்றெழுத்தைக் கண்டுபிடிக்கிற கண், அரையடியைக் கோட்டைவிட்டிருந்தது.

"ஏங்க, குடிவந்த அன்னைக்கு உங்க மாமா குடுத்த அந்தப் பெரிய சோபா ஏன் ஹால்லயே தங்கிடுச்சு?" என்றாள் மனைவி.

"இங்க உள்ள போகல."

"ஏன் போகல?"

"கதவு சின்..." என்று நிறுத்தினேன்.

டிரைவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு முதல்லயே தெரியுமா?"

"அளவெல்லாம் எடுத்தாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"பசை போடச் சொன்னியே."

"ஆடுச்சு. ஆடற கட்டில்ல குழந்தையைப் படுக்க வைக்கச் சொல்றீங்களா?"

டிரில்லை எடுத்தேன். பின்பக்கமாகச் சுற்ற வைத்து முதல் ஸ்க்ரூவைக் கழற்றப் பார்த்தேன். வழவழத்த குழிக்குள் பிட் சுகமாகச் சுற்றியது. ஸ்க்ரூ அசையவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் டிரில் ஒரு முனகலோடு படுத்துவிட்டது.

"பேச்சு மாறக் கூடாதுன்னு சொன்னோம். கட்டில் எங்க நிக்குது?" என்றாள் மனைவி.

"அறுத்துடறேன். ரெண்டா அறுத்து ஹால்ல கொண்டுபோய் ஒட்டிடறேன்."

"அறுங்க. ஆனா அது அவ கட்டில். அவளைக் கேட்டுட்டு அறுங்க."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. பாப்பா இருட்டுக்குப் பயந்தவள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போவதென்றாலும் துணைக்கு ஆள் வேண்டும். அவளாவது, பின்பக்க அறையில் தனியாகப் படுப்பதாவது. கையில் ரம்பத்தோடு குனிந்து, குரலை இனிப்பாக்கிக்கொண்டு கேட்டேன்.

"பாப்பா, கட்டில் இங்கயே இருந்தா நீ தனியா படுக்கணும். இருட்டா இருக்கும். ஹால்ல வெச்சா அப்பா பக்கத்துல இருப்பேன். எது வேணும்?"

"இப்படியா கேக்கறது?" என்றாள் மனைவி.

"கேக்கறேன்ல. நீ சும்மா இரு."

பாப்பா ஏணியில் ஏறினாள். மேலே நீட்டிப் படுத்து, கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். புரண்டு, சட்டத்தின் இடைவெளி வழியாக எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். இறங்கி வந்து கட்டிலுக்கு அடியில் நுழைந்து, அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கையை விரித்துப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து என் கையிலிருந்த ரம்பத்தை வாங்கி அவள் அம்மாவிடம் கொடுத்தாள்.

கட்டில் இங்கேயே இருக்கட்டும் என்றாள். அவள் தூங்குகிற வரைக்கும் அப்பா அடியில் உட்கார்ந்துகொள்ளலாம் என்றாள். டிரில் மட்டும் வெளியே இருக்க வேண்டும் என்றாள்.